நிக்கல் நானோதுகள்: குடுவையில் தொடங்கிக் காந்த அளவீடு வரை

காந்தத் தன்மையுள்ள உலோக நானோதுகளைக் குடுவையில் உருவாக்க ஒரு மணி நேரம் போதும். உருவானது காற்றில் கெட்டுப்போகாமல் உலோகமாகவே இருக்க வேண்டும். அளக்கப் போகும் பொடியில் எத்தனை மில்லிகிராம் உண்மையான உலோகம் என்பதும் தெரிய வேண்டும். நேரத்தை எல்லாம் தின்பவை இந்த இரண்டும்தான். விஎஸ்எம் கருவி (மாதிரியை அதிர வைத்து அதன் காந்தத்தை அளப்பது) தருவது மாதிரியின் மொத்தக் காந்தத் திருப்புத்திறனை. அதை எதால் வகுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அந்த எடை தவறினால் அதற்கு மேல் போடும் கணக்கு எல்லாமே தவறும். அதனால் இந்தக் குறிப்பில் செய்முறைக்குக் கொடுத்த அளவு இடத்தைக் கழுவுதலுக்கும் எடைக் கணக்குக்கும் கொடுத்திருக்கிறோம்.

எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலோ ஆராய்ச்சியின் தொடக்கத்திலோ இருந்து, நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் உள்ள ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்காக எழுதியது இது. வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

எதற்கு நிக்கல்?

அறை வெப்பநிலையில் இரும்பின் தெவிட்டு காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு கூட்டினாலும் தாண்டாத உச்சம், கிராமுக்குச் சுமார் 218 ஈஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு), கோபால்ட்டுக்கு 161, நிக்கலுக்கு 55 மட்டுமே. எண்ணைப் பார்த்தால் இரும்பைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் 10 நானோமீட்டர் இரும்புத் துகள் காற்றுப் பட்டதும் ஆக்சைடாகிவிடும். உலர்ந்த பொடியாக இருந்தால் தானே தீப்பற்றவும் செய்யும். காற்றுப் புகாத கையுறைப் பெட்டி இல்லாத இடத்தில் "இரும்பு நானோதுகள்" என்று எழுதப்பட்ட பாட்டிலுக்குள் பெரும்பாலும் இருப்பது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. நிக்கல் மேல் படியும் ஆக்சைடுப் படலம் மெல்லியது, உள்ளே இருப்பதை ஓரளவு காக்கவும் செய்கிறது. முதன்முறை செய்பவர் உலோகத்தை உலோகமாகவே அளந்து பார்க்க நிக்கல்தான் தோது.

சோடியம் போரோஹைட்ரைடை நீரில் கலந்து நிக்கல் உப்பை உலோகமாக ஒடுக்குவது இன்னும் சுலபம்தானே என்று கேட்கலாம். அதில் போரான் உள்ளே புகுந்து, படிக வடிவமற்ற நிக்கல் போரைடு கிடைத்துவிடும். காந்தமாக்கம் குறையும், ஏன் குறைந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஹைட்ரசினைக் கொண்டு ஒடுக்கினால் அது நைட்ரஜனாக வெளியேறிவிடும், உலோகத்துக்குள் எதுவும் தங்காது. அதனால் எத்திலீன் கிளைக்காலில் ஹைட்ரசின் வழியைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வினையின் கணக்கு: இரண்டு நிக்கல் அயனிகள், ஒரு ஹைட்ரசின் மூலக்கூறு, நான்கு ஹைட்ராக்சைடு அயனிகள் சேர்ந்து இரண்டு நிக்கல் அணுக்கள், ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, நான்கு நீர் மூலக்கூறுகள் ஆகின்றன. காரம் இல்லாமல் இது நகராது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் இதில்தான் தொடங்குகின்றன.

தேவையானவை

நிக்கல் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 1.19 கிராம், அதாவது 5 மில்லிமோல். எத்திலீன் கிளைக்கால் 100 மி.லி. ஹைட்ரசின் ஹைட்ரேட் 80 சதவீதக் கரைசல் 3 மி.லி., இது ஏறத்தாழ 50 மில்லிமோல். சோடியம் ஹைட்ராக்சைடு 0.80 கிராம். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் மூடிக் காக்கும் பாலிவினைல் பைரோலிடோன், அதாவது பிவிபி, கே-30 வகை 1 கிராம். கழுவுவதற்கு நைட்ரஜன் ஊதிய காய்ச்சி வடித்த நீர், எத்தனால், கொஞ்சம் அசிட்டோன்.

250 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை, மேலிருந்து சுழலும் டெஃப்லான் அல்லது கண்ணாடித் துடுப்பு, எண்ணெய்த் தொட்டி, வெப்பமானி, குளிர்விப்பான், ஒரு நல்ல நியோடிமியம் காந்தம், சென்ட்ரிஃபியூஜ் இவை வேண்டும். நூறு மி.லி. திரவத்துக்கு 250 மி.லி. குடுவை எதற்கு என்று சிறியதை எடுத்துவிடாதீர்கள். நுரை எழும்.

துடுப்புக்குப் பதில் காந்தக் கலக்கியை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் கறுப்பு தெரிந்த சில நிமிடங்களில் கலக்கித் துண்டின் இரு முனைகளிலும் துகள்கள் முள்முள்ளாக ஒட்டி நிற்கும், துண்டு கறுப்புக் கம்பளிப்பூச்சி போலாகிவிடும். கரைசலில் இருக்க வேண்டிய பொருள் ஒரே இடத்தில் குவிந்து, அங்கேயே வளர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். துடைத்தெடுத்தாலும் அது வேறு மாதிரிதான். துடுப்பு கிடைக்காவிட்டால் குளியல் வகை அல்ட்ராசோனிக் தொட்டியில் குடுவையை வைத்துச் செய்யலாம்; காந்தத் துண்டு மட்டும் வேண்டாம்.

குடுவையில் உள் கீறல் இருக்கக் கூடாது. கீறலில் நிக்கல் முளைத்துச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி பூசியதுபோல் படிந்துவிடும். பழைய குடுவையாக இருந்தால் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அமில வாடை துளியும் இல்லாமல் நீரில் அலசி, உலர்த்தி எடுங்கள். ஹைட்ரசினோடு நைட்ரிக் அமிலம் ஒருபோதும் சந்திக்கக் கூடாது.

தொடங்கும் முன்

ஹைட்ரசின் நஞ்சு. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்ற பிரிவில் வைத்திருக்கிறது. நிக்கல் சேர்மங்களை உறுதியாகத் தருவன என்ற முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. நிக்கல் உப்பு தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது. எல்லா வேலையும் ஃபியூம் ஹூட்டுக்குள் நடக்கட்டும். நைட்ரைல் கையுறை இரட்டையாகப் போடுங்கள், சொட்டுப் பட்டால் உடனே மாற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உலர்ந்த பொடியைக் கையாளும்போது துகள் தடுக்கும் முகமூடியும் வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பிறந்த நிக்கல், ஹைட்ரசினைச் சிதைக்கும் வினையூக்கி. வினைக்குத் தேவைப்படும் ஹைட்ரசின் 2.5 மில்லிமோல்தான், அதிலிருந்து வரும் நைட்ரஜன் சுமார் 60 மி.லி. நாம் போடுவதோ அதைப்போல இருபது மடங்கு. மிச்சமுள்ளது நிக்கலின் மேல் சிதைந்து நைட்ரஜன், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று லிட்டர் கணக்கில் வாயுவாக வெளியேறலாம். குடுவையை எந்தக் கட்டத்திலும் இறுக மூடாதீர்கள். குளிர்விப்பானின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும். அருகில் சுடர் கூடாது.

செய்முறை

80 மி.லி. கிளைக்காலைக் குடுவையில் ஊற்றி 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பிவிபியை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டும்; துடுப்பு சுழலும்போது சிறிது சிறிதாகத் தூவுங்கள். அது முழுதும் கரைந்த பிறகு நிக்கல் குளோரைடு. அரைமணி நேரத்தில் தெளிந்த பச்சைக் கரைசல் கிடைக்கும். கலங்கல் இருந்தால் காத்திருங்கள்.

இதற்குள் மீதி 20 மி.லி. கிளைக்காலில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து வையுங்கள். நீரில் கரைவதுபோல் சட்டென்று கரையாது. வில்லைகளை உடைத்துப் போட்டு, 50 டிகிரி அளவில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கரையும். பொறுமையில்லாமல் நீரில் கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. நீர் கூடினால் துகள் பெரிதாகும், நிக்கல் ஹைட்ராக்சைடும் எளிதில் வந்து சேரும்.

இப்போது ஹைட்ரசினை ஐந்து நிமிடத்தில், சொட்டுச் சொட்டாகப் பச்சைக் கரைசலில் விடுங்கள். பச்சை நீலமாகும், பிறகு வெளிர் ஊதா சாயலோடு கலங்கும். நிக்கலும் ஹைட்ரசினும் சேர்ந்த அணைவுச் சேர்மம் அது. இந்த நிறம் வராவிட்டால் உங்கள் ஹைட்ரசின் பாட்டில் பழையது. மேலே போக வேண்டாம். பத்து நிமிடம் கழித்து, சூடான காரக் கரைசல் முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள். வேகமாக ஊற்றுவதில் பொருள் இருக்கிறது. எல்லாத் துகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முளைத்தால்தான் ஒரே அளவாக வளரும். காரத்தைச் சொட்டாக விட்டால் முதலில் முளைத்தவை பெருத்துக்கொண்டே போகும், பின்னால் வந்தவை சிறியதாகவே நிற்கும்.

அதன் பிறகு சிறிது நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பயந்து ஹைட்ரசினைக் கூட்டாதீர்கள். முதலில் ஓரங்களில் சாம்பல் நிறம், பிறகு குமிழ்கள், பிறகு நுரையோடு குடுவை முழுக்க மை போல் கறுக்கும். இந்தக் காத்திருப்பு பத்து நிமிடமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம்; வெப்பநிலையும் காரமும்தான் தீர்மானிக்கும். குமிழ் அடங்கிய பின் இன்னும் அரைமணி 60 டிகிரியிலேயே வைத்துவிட்டு, அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்தும் நீலமாகவே நின்றால் காரணம் மூன்றில் ஒன்று: காரம் போதவில்லை, எண்ணெய்த் தொட்டி 60 காட்டினாலும் குடுவைக்குள் 50தான் இருக்கிறது, அல்லது ஹைட்ரசின் வீரியம் இழந்துவிட்டது. வெப்பமானியைக் குடுவைக்குள்ளேயே வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். இன்னும் சிறிய, சீரான துகள் வேண்டுமானால் காரம் சேர்ப்பதற்குச் சற்று முன் நிக்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மோல் அளவுக்குப் பல்லேடியம் அல்லது வெள்ளி உப்பைச் சேர்க்கலாம். அவை உடனே ஒடுங்கி, நிக்கல் வந்து உட்கார விதையாகும். அந்த விதை உலோகம் மாதிரியில் இருக்கிறது என்பதை எழுதும்போது மறைக்கக் கூடாது.

கழுவுதல்

பெரும்பாலான மாதிரிகள் கெட்டுப்போவது இங்கேதான்.

காந்தத்தைப் பீக்கரின் வெளிச்சுவரில் வைத்தால் கறுப்பு முழுதும் அந்தப் பக்கம் ஓடிவரும். பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் வருபவை பெரிய துகள்களும் கொத்துகளும். மேலே சாம்பலாக நிற்கும் திரவத்தில் சிறியவை மிதந்துகொண்டிருக்கும். அதைக் கீழே ஊற்றினால் உங்களை அறியாமலேயே அளவு வாரியாகப் பிரித்துவிட்டீர்கள். பிறகு டெம் (ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி) படத்தில் தெரியும் சராசரி, குடுவையில் உருவான சராசரி ஆகாது. மேல் திரவம் நிறமற்றுத் தெளியும் வரை காத்திருங்கள். தெளியாவிட்டால் அசிட்டோன் சேர்த்துத் திரளச் செய்து, நிமிடத்துக்கு 8,000 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள்.

முதல் இரண்டு கழுவல் நீரில். எத்தனாலில் நேராகத் தொடங்கினால் வினையில் உண்டான சோடியம் குளோரைடு கரையாமல் பொடியோடு தங்கிவிடும். கழுவிய நீரில் சிறிது எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பால் போல் வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மூன்றாவது முறையும் நீரில் கழுவ வேண்டும். முதல் கழுவலில் ஹைட்ரசின் மிச்சம் இருக்கும் என்பதால் இந்தச் சோதனையை இரண்டாவதிலிருந்து செய்யுங்கள். இல்லாவிட்டால் வெள்ளியே ஒடுங்கிக் கறுத்து உங்களைக் குழப்பும். நீருக்குப் பின் எத்தனாலில் மூன்று முறை, கடைசியாக அசிட்டோனில் ஒரு முறை. நீரிலும் எத்தனாலிலும் முன்கூட்டியே அரைமணி நைட்ரஜன் ஊதியிருக்க வேண்டும். ஒரு இரவு முழுக்க நீருக்குள் விட்டுவிட்டுப் போனால் காலையில் மேலே இளம்பச்சை தெரியும். அது ஹைட்ராக்சைடு.

முதலில் வடித்த கிளைக்கால் திரவத்தைத் தனிப் பாட்டிலில் வையுங்கள். ஹைட்ரசின் கழிவை நீர்த்த பிளீச்சிங் கரைசல் கொண்டு அழிப்பது வழக்கம்தான். ஆனால் எத்தனாலும் அசிட்டோனும் கலந்த கழிவில் பிளீச்சிங் ஊற்றினால் குளோரோஃபார்ம் உண்டாகும். அதனால் கழிவுகளைக் கலக்காமல், பெயர் எழுதி, நிறுவனத்தின் கழிவுப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள். நிக்கல் எதுவும் சிங்க்கில் போகக் கூடாது.

உலர்த்த வெற்றிட அடுப்பில் 45 டிகிரி, ஒரு இரவு. அடுப்பை அணைத்ததும் கதவைத் திறந்துவிடாதீர்கள். முழுதும் ஆறிய பின், முதலில் நைட்ரஜன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று என்று ஒரு மணி நேரம் எடுத்து உள்ளே விடுங்கள். மெல்லிய ஆக்சைடுத் தோல் அமைதியாகப் படியும். திடீரென்று காற்றுப் பட்டால் பொடி சூடேறும். 0.293 கிராம்தான் கிடைக்கக்கூடிய உச்சம், 0.25 கிராம் கிடைத்தால் நல்ல கை. 0.35 வந்தால் மகிழ வேண்டாம், அதில் பிவிபியோ உப்போ ஹைட்ராக்சைடோ இருக்கிறது.

எக்ஸ்ஆர்டி: 15 டிகிரியிலிருந்து தொடங்குங்கள்

எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைக் கொண்டு படிகத்தை அடையாளம் காணும் முறை. தாமிர எக்ஸ் கதிரில் நிக்கலின் முகடுகள் 44.5, 51.8, 76.4 டிகிரிகளில் வரும். 111, 200, 220 தளங்களுக்கானவை. இந்த மூன்றும் தெரிந்தால் போதும் என்று 40 டிகிரியில் தொடங்குவது பெருந்தவறு. நிக்கல் ஹைட்ராக்சைடின் முகடுகள் 19.3, 33.1, 38.5 டிகிரிகளில் இருக்கின்றன. பார்க்காத இடத்தில் இருப்பதை இல்லை என்று எழுத முடியாது. நிக்கல் ஆக்சைடு 37.2, 43.3, 62.9 டிகிரிகளில் வரும். இதில் 43.3 உலோக முகட்டின் இடது தோளில் ஒளிந்துகொள்ளும், 62.9 தனியாக நிற்பதால் அங்கே தேடுங்கள். கழுவல் சரியில்லாவிட்டால் சோடியம் குளோரைடு 31.7இலும் 45.4இலும் எட்டிப்பார்க்கும். 45.4 வலது தோளில் உட்கார்ந்து, முகட்டை அகலமாக்கி, படிக அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

அளவுக்கு, பால் ஷெரர் 1918இல் தந்த சமன்பாடு போதும்: 0.9 பெருக்கல் அலைநீளம், வகுத்தல் அகலமும் பாதிக் கோணத்தின் கொசைனும் பெருக்கி வந்த தொகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 44.5 டிகிரி முகட்டின் அரை உயர அகலம், கருவியின் சொந்த அகலத்தைக் கழித்த பின், 0.90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியனில் 0.0157. பாதிக் கோணம் 22.25 டிகிரி, அதன் கொசைன் 0.9255. அலைநீளம் 0.15406 நானோமீட்டர். விடை 9.5 நானோமீட்டர். டிகிரியை ரேடியனாக மாற்ற மறப்பதும், முழுக் கோணத்தின் கொசைனை எடுப்பதும் ஆண்டுதோறும் ஆய்வேடுகளில் வரும் பிழைகள். கருவியின் அகலத்தைப் பெரிய படிகமுள்ள சிலிக்கான் பொடியில் அளந்து கழியுங்கள்.

இது படிகத்தின் அளவு. துகளின் அளவுக்கு டெம் வேண்டும். எத்தனாலில் மிக நீர்த்த கலவை, பத்து நிமிட அல்ட்ராசோனிக், கார்பன் பூசிய தாமிர வலையில் ஒரு சொட்டு. நிக்கல் வலை வாங்கிவிடாதீர்கள். தனிமப் பகுப்பாய்வில் எல்லாம் நிக்கலாகவே வரும். உங்கள் பொடி காந்தத் தன்மையுள்ளது என்று டெம் இயக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒட்டாத துகள் லென்ஸின் துருவத்துக்குப் பறந்துவிட்டால் அந்தக் கருவிக்கே கேடு. குறைந்தது 200 துகள்களை அளந்து பரவலை வரையுங்கள். மேற்சொன்ன அளவுகளில் படிக அளவு பெரும்பாலும் 10 முதல் 20 நானோமீட்டருக்குள் அமையும், உலர்ந்தபின் அவை கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும்.

உண்மையான எடை

10 நானோமீட்டர் நிக்கல் துகள் ஒன்றில் சுமார் 48,000 அணுக்கள். ஏழில் ஒன்று மேற்பரப்பில் இருக்கிறது. அதன் மேல் ஆக்சைடு, அதற்கும் மேல் பிவிபி. தராசு எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும்.

எளிய வழி, சூடாக்கியபடியே எடையைப் பதியும் டிஜிஏ கருவியில் காற்றோட்டத்தில் 800 டிகிரி வரை சூடாக்குவது. முதலில் ஈரமும் பிவிபியும் போகும், எடை குறையும். பிறகு நிக்கல் ஆக்சைடாக மாறும், எடை கூடும். கடைசியில் நிற்பது நிக்கல் ஆக்சைடு மட்டும், அதில் 78.6 சதவீதம் நிக்கல். 10.00 மில்லிகிராம் பொடி 11.20 மில்லிகிராமில் முடிந்தால், நிக்கல் 8.80 மில்லிகிராம், அதாவது 88 சதவீதம். விஎஸ்எம் கிராமுக்கு 40 ஈஎம்யூ காட்டியிருந்தால் நிக்கலுக்கு அது 45.5. இந்த முறை ஏற்கெனவே ஆக்சைடாக இருந்த நிக்கலையும் சேர்த்தே எண்ணும் என்பதை மனதில் வையுங்கள். பொடியில் உப்பு மிச்சம் இருந்தால் இந்தக் கணக்கும் ஏமாற்றும்.

டிஜிஏ உலைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து, மந்த வாயுவில் இன்னொரு முறை ஓட்டினால் அழகான காட்சி ஒன்று கிடைக்கும். 355 டிகிரியை ஒட்டி எடை சட்டென்று மாறும். எதுவும் எரிந்துபோகவில்லை, நிக்கல் தன் காந்தத்தை இழக்கும் கியூரி வெப்பநிலையைத் தாண்டியதும் காந்தத்தின் இழுப்பு நின்றுவிடுகிறது. நிக்கல்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு.

விஎஸ்எம்

பொடி 10 மில்லிகிராம், பத்தில் ஒரு மில்லிகிராம் வரை துல்லியமாக. பிளாஸ்டிக் இடுக்கி மட்டும். ஸ்டீல் கரண்டியிலிருந்து உதிரும் ஒரு தூசு இரும்பு, உங்கள் மாதிரியின் வளைவில் இல்லாத காந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பொடியை உறையில் தளர்வாக விட்டால் புலம் திரும்பும்போது துகள்களே உடலோடு புரண்டுவிடும். அப்போது காந்த நீக்குத் திறன், அதாவது காந்தத்தைச் சுழியாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம், குறைவாகத் தெரியும். உருக்கிய மெழுகு ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். காலி உறையும் மெழுகும் தனியாக ஒரு முறை அளக்கப்பட வேண்டும். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் தர உருண்டையும் பல இடங்களில் நிக்கல்தான், அதனால் ஒப்பிட வசதி. மாதிரியை வெளியே அனுப்புபவர்கள், உதாரணமாகச் சென்னை ஐஐடியின் சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்துக்கு, உறையும் மெழுகும் போட்டு எடையையும் எழுதித் தாங்களே அனுப்புவது நல்லது.

புலம் கூட்டும்போது 1.5 டெஸ்லா, அதாவது 15,000 ஓர்ஸ்டட், வரை போங்கள். சுழியை ஒட்டி, இருபுறமும் 500 ஓர்ஸ்டட் வரை, 10 ஓர்ஸ்டட் இடைவெளியில் புள்ளிகள் எடுங்கள். முழு வளைவை மட்டும் பார்த்தால் தயக்கக் கண்ணி (புலத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வரும் வளைவுகளுக்கு இடையிலான வளையம்) கோடாகத் தெரியும், உடனே "சூப்பர் பாரா காந்தம்" (புலத்தை நீக்கினால் காந்தம் தங்காத நிலை) என்று எழுதிவிடுகிறார்கள். நடுவைப் பெரிதாக்கினால் 60 ஓர்ஸ்டட் அகலம் இருக்கும். சூப்பர் பாரா காந்தம் என்று சொல்ல இரண்டு சான்று வேண்டும்: கண்ணி இல்லாமை, மேலும் இரு வேறு வெப்பநிலைகளில் எடுத்த வளைவுகளை, புலத்தை வெப்பநிலையால் வகுத்து வரைந்தால், ஒன்றின் மேல் ஒன்று பொருந்துதல். உலர்ந்த பொடியில் துகள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் இது பல சமயம் பொருந்தாது; பிவிபி கூடுதலாக வைத்து விலக்கினால் பொருந்தும்.

பெரும்புலத்தில் வளைவு தட்டையாகாமல் சாய்ந்தே போனால், முதலில் உறையின் பங்கைக் கழியுங்கள். அதன் பிறகும் ஏறுமுகமாகச் சாய்ந்தால் மேற்பரப்பில் சீரற்ற அணுக்கள் இருக்கின்றன. காந்தமாக்கத்தைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து சுழிக்கு நீட்டினால் தெவிட்டு மதிப்பு கிடைக்கும்.

அது 55ஐத் தொடாது, தொடவும் கூடாது. 10 நானோமீட்டர் துகளில், எடைக் கணக்கெல்லாம் சரிசெய்த பின், 32 வந்தது என்று கொள்வோம். 32ஐ 55ஆல் வகுத்தால் 0.58, அதன் கனமூலம் 0.835. காந்தம் உள்ள உட்கரு 8.35 நானோமீட்டர், சுற்றிலும் 0.8 நானோமீட்டர் காந்தமில்லாத தோல். ஆக்சைடுத் தோலுக்கு இது பொருத்தமான தடிமன். ஆனால் பிவிபியின் எடையைக் கழிக்காமல் இதே கணக்கைப் போட்டால் இல்லாத தோலைக் கண்டுபிடித்ததாக எழுதிவிடுவோம். 55க்கு மேல் வந்தால் எடை தவறு, அல்லது இரும்பு புகுந்திருக்கிறது.

குளிர்வித்து அளத்தல்

புலமின்றி 5 கெல்வின் வரை குளிர்வியுங்கள், 100 ஓர்ஸ்டட் புலம் கொடுங்கள், 300 கெல்வின் வரை மெல்ல சூடேற்றியபடி அளங்கள். பிறகு அதே புலத்தில் குளிர்வித்து அளங்கள். முதல் வளைவு ஒரு முகட்டைத் தொட்டு இறங்கும்; அதுதான் பிளாக்கிங் வெப்பநிலை. அதற்குக் கீழே துகளின் காந்தம் தன் எளிய திசையில் உறைந்து நிற்கிறது. மேலே வெப்பத்தால் புரண்டுகொண்டே இருக்கிறது. லூயி நீல் 1949இல் தந்த விளக்கம் இது. ஒரு அளவீட்டுக்கு நூறு வினாடி என்று எடுத்தால், ஆற்றல் தடுப்பு 25 மடங்கு வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் இடம் அது.

முகடு 80 கெல்வினில், துகள் 10 நானோமீட்டர் என்றால்: 25 பெருக்கல் போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் 80, அதைத் துகளின் கன அளவால் வகுத்தால் கனமீட்டருக்குச் சுமார் 53,000 ஜூல். காந்தத்தை எளிய திசையில் பிடித்து வைக்கும் வலிமையான இந்தத் திசைப் பிடிப்பு மாறிலி, பெரிய நிக்கல் கட்டியில் அறை வெப்பநிலையில் 5,000ஐச் சுற்றி. பத்து மடங்கு உயர்வில் மேற்பரப்புக்கும் துகள்களின் பரஸ்பர இழுப்புக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரிக்க, அதே துகளை மெழுகில் நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். முகடு கீழே இறங்கினால் இறங்கிய பங்கு இழுப்பினுடையது.

மீக்கடத்திக் காந்தம் உள்ள கருவியில் "சுழி" என்று காட்டினாலும் உள்ளே சில பத்து ஓர்ஸ்டட் தங்கியிருக்கலாம். புலத்தை அலைவுறச் செய்து சுழிக்குக் கொண்டுவந்த பிறகே குளிர்விக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் வளைவு உண்மையில் புலமின்றிக் குளிர்வித்ததாக இருக்காது.

நேரம் இருந்தால் ஒரு டெஸ்லா புலத்தில் குளிர்வித்து, 5 கெல்வினில் தயக்கக் கண்ணியையும் எடுங்கள். நிக்கல் ஆக்சைடு எதிர் பெர்ரோ காந்தம்; அதன் அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஈடாகிவிடும். அது உட்கருவைப் பிடித்துக்கொள்வதால் கண்ணி முழுதும் ஒரு பக்கமாக நகரும். மெய்க்கில்ஜானும் பீனும் 1956இல் ஆக்சைடு மூடிய கோபால்ட் துகள்களில் கண்டது இதுவே. எக்ஸ்ஆர்டியில் ஆக்சைடு முகடு தெரியாத மாதிரியிலும் இந்த நகர்வு தெரிந்தால் மெல்லிய தோல் இருக்கிறது என்று பொருள்.

மீதிப் பொடியை உலர்ந்தபடியே பாட்டிலில் அடைக்காதீர்கள். நைட்ரஜன் ஊதிய எத்தனாலுக்குள், மூடியைப் பாராஃபிலிம் சுற்றி, செய்த தேதியோடு அளந்த தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துச் சிறிது எடுத்து உலர்த்தி, அதே 1.5 டெஸ்லாவில் மறுபடி அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.